தண்டு

பெங்களூரு கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தின் கன்னடப் பெயர் ‘தண்டு’. தமிழிலும் தண்டு என்றால் படை; வரி வசூலிப்பது தண்டல். கோலைக் குறிக்கும் வடசொல் ‘தண்டம்’. கோல் தண்டனையாகி, அதிகாரமாகி, படையும் ஆனது.

1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தார்கள். 1799 உடன்படிக்கைப்படி, அவர்கள் படைக்காக மைசூர் ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்டவேண்டியிருந்தது. என்ன கொடுமை! சுமை கடைசியில் உழவர் தலையில்தான் விழுந்தது. வரி தாளாமல் 1830இல் மைசூரின் ‘நகர்’ சீமைக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

கிளர்ச்சியைக் காரணம் காட்டி 1831இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி மைசூர் ஆட்சியையே எடுத்துக்கொண்டது. 1881இல் ஆட்சி மன்னரிடம் திரும்பியது. தண்டு மட்டும் 1947 வரை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது.