தோட்டத்துச் செய்தியும் வட்டார வரலாறும்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் வழியில் அமைந்துள்ள செமோர், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அத்தோட்டங்களில் நிகழ்ந்த தீமிதித் திருவிழாவையும் பள்ளி ஆண்டு விழாவையும் பெருவரலாற்று நூல்களில் தேடுவோர்க்குக் கிட்டுவது அரிது. அவற்றுக்கு இடமளித்தவை தமிழ் நாளேடுகளின் உள்ளூர்ச் செய்திப் பகுதிகளே. ஒரு மூலையில் நாலைந்து வரிகளாக வெளிவந்த அச்செய்திகளை நாம் வரலாற்றுச் சான்றுகளாகக் கருதுதல் வேண்டும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துக் குழந்தைகள் பத்துப் பேரேனும் வாழ்ந்த தோட்டங்களில் பள்ளி நடத்துமாறு நிருவாகத்தினரைப் பணித்தது. அடுத்த ஆண்டே, 1924இல், கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' தோன்றியது. பள்ளி எழுத்தறிவைத் தந்தது. நாளேடு அவ்வெழுத்துக்கு வேலை தந்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, லயத்து வாசலில் பலர் அமர்ந்து கேட்டனர். செய்தி எழுதி அனுப்பியவர்களுள் தோட்டப்பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர்.

மொழியியல் நோக்கில் இச்செய்திகள் இருவகைத் தமிழின் சந்திப்பாகும். பேச்சில் 'நடந்துச்சு' என்பது ஏட்டில் 'இனிது நடைபெற்றது' ஆயிற்று. எனினும் பால்மரம், ஒட்டுப்பால், பிரட்டு, கிராணி, கங்காணி முதலிய தொழிற்சொற்களுக்கு மாற்றில்லை. மலாய்ச் சொல்லிலிருந்து வந்த 'கித்தா'வும் அவற்றோடு ஒன்றியது. தோட்டத்து மக்கள் பொதுத் தமிழைப் பழகிய களமும், பொதுத் தமிழ் தோட்டத்துச் சொற்களை ஏற்ற களமும் இதுவே.

இச்சான்றுக்குக் குறையும் உண்டு. தலைமை தாங்கியவர் பெயரும் மாலை அணிவித்தவர் பெயரும் ஏறிய இடத்தில், விடியுமுன் எழுந்து மரம் சீவிய பெண்ணின் பெயர் ஏறுவது அரிது. ஆகவே அச்சேறியதை மட்டும் நம்பி எழுதும் வட்டார வரலாறு, விழா மேடையின் வரலாறாகவே நின்றுவிடும்.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் இடம்பெயர்ந்தனர். அந்நெருக்கடிக்கு விடையாகவே, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தோட்டம் கைமாறியதும் லயம் மறைந்தது. ஊர்ப்பெயரும் மெல்ல வழக்கொழிந்தது. 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'தமிழ் நேச'னும் நின்றுபோயிற்று.

எனவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைப்பது எளிய பணியே. பெட்டியடியில் உள்ள பழைய நாளேட்டு நறுக்கைத் தேதியோடு படியெடுங்கள். அதனைப் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். செய்தி சொல்லாமல் விட்டதை அவர் சொல்வார். அவர் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதி வையுங்கள். அவ்விரு தாள்களும் ஒன்றுசேருமிடத்திலேதான் செமோரின் வரலாறு தொடங்குகிறது.