பல் டொக்டராக எவ்வளவு முடியும்?

வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்கு வரும் தாய்மார் வாயைக் கொப்பளித்த கையோடு கேட்பார்கள்: "டொக்டர், மகளை டென்டலுக்குப் படிப்பிக்க எவ்வளவு முடியும்?" ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் படிப்புக்கான காசைக் குடும்பங்கள் எந்தக் காலத்திலும் கட்டித்தான் வந்திருக்கின்றன. கட்டும் இடம்தான் மாறியிருக்கிறது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஐயாவின் இளவயதில் கொழும்பில் பலர் பல் கட்டப் போனது சீனரின் கடைக்குத்தான். அங்கே தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றே மகன் தொழில் பழகினான். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு கொழும்பில் பல் மருத்துவப் படிப்புத் தொடங்கியது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து, கட்டணமும் போயிற்று. கொழும்புப் பிள்ளைக்கு அதைவிட மலிவான காலம் வாய்க்கவில்லை: வீட்டுச் சோறு, பொரளைக்கு ட்ராம்.

1950களில் படிப்புப் பேராதனைக்கு மாறியது. போடிங், சாப்பாடு, ரயில் என்று செலவு புதுப் பெயர்களில் வந்தது. 1971இல் தரப்படுத்தல். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் 400க்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூலத்தாருக்கு 250 வேண்டும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. அந்த மேலதிகப் புள்ளிகளைத் தேடி எங்கள் வீட்டுக் காசு டியூஷன் மாஸ்டரிடம் போனது.

எழுபதுகளின் கடைசியில் நான் பேராதனைக்குப் போனேன். முதல் வேலை, மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவது. கடைவாய்ப் பல்லின் ஒரு மேடு சரிந்தாலும் மாஸ்டர் கட்டியைத் திருப்பித் தருவார். அதற்கான லெக்ரோன் கத்தியை நான் வாங்கவில்லை. படிப்பு முடித்துப் போன சீனியர் அண்ணா தந்தது. பிடியில் அவருக்கு முந்தியவரின் எழுத்துக்கூடக் கீறியிருந்தது. நானும் அதை அடுத்த பட்ச்சுக்குக் கொடுத்தேன். புத்தகங்களும் அப்படித்தான் கைமாறின. 1981இல் மகாபொல புலமைப்பரிசில் தொடங்கிய பின் வந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவிலும் கொஞ்சம் குறைந்தது.

83 கலவரத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் சென்னைப் பக்கம் பார்த்தன. 1988இல் தொடங்கிய சவீதா போன்ற தனியார் கல்லூரிகளில் கட்டணம் கட்டிப் படிக்கலாம். ஆனால் திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய மருத்துவப் பேரவையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சம்பளமில்லாத அந்தக் காத்திருப்பையும் கணக்கில் போடவேண்டும். நாணயமாற்று இன்னொரு பொறி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. வெளிநாட்டுக் கல்லூரி ஒரு சதம்கூடக் கூட்டாமலே வீட்டின் கணக்கு இரட்டிக்கப் பார்த்தது.

ஆகவே தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான்: அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் பெருஞ்செலவு ஏற்கெனவே ஏ.எல். டியூஷனில் முடிந்திருக்கும். மிச்சத்தை விடுதியும் மகாபொலவும் சீனியர்மாரும் குறைப்பார்கள். கணக்குக் கொப்பியைக் கம்பஸ் கடிதம் வரும்வரை வைத்திராமல், பிள்ளை உயிரியல் எடுக்கும் நாளிலேயே திறவுங்கள்.