குழந்தைகளுக்குத் தூக்க மருந்து: அளவும் உறக்கத்தின் ஆழமும்

எக்கோ, இஇஜி, எம்ஆர்ஐ, செவித்திறன் சோதனை ஆகியவற்றின்போது அசையாமல் இருக்க இயலாத சிறு குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளில் பரவலாகப் புகட்டப்படுவது டிரைக்ளோஃபாஸ் மருந்து. வயதைவிட எடையே அதன் அளவைத் தீர்மானிக்கிறது. கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு. 5 மில்லியில் 500 மில்லிகிராம் கொண்ட சிரப் எனில், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 5 மில்லி.

லேசான தணிவு, மிதமான தணிவு, ஆழ்ந்த தணிவு, முழு மயக்கம் என நான்கு படிகளை மருத்துவர்கள் வகுத்துள்ளனர். மிதமான நிலையில், அழைத்தாலோ தொட்டாலோ குழந்தை அசையும். ஆழ்ந்த நிலையில் பலமுறை தூண்டினால்தான் அசையும். மூச்சுக்கும் உதவி தேவைப்படலாம். இப்படிகளுக்கு இடையே தெளிவான எல்லைக்கோடு இல்லை. ஒரே அளவு மருந்தில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்க, மற்றொன்று ஆழ்ந்த நிலைக்குச் சென்றுவிடக்கூடும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாம் முறை புகட்டுவதில்தான் தொடங்குகிறது. வாய்வழி மருந்து வேலை செய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி கொடுத்தால், இரண்டும் ஒருசேரச் செயல்பட்டு மூச்சைத் தளர்த்தும். மிடசோலத்தின் விளைவை முறிக்க ஃப்ளூமசெனில் உண்டு; டிரைக்ளோஃபாஸுக்கு எனத் தனி முறிமருந்து கிடையாது.

வீட்டிலேயே புகட்டி அழைத்து வருவது ஆபத்தானது. வாகனத்தில் தலை கவிழ்ந்து உறங்கும் குழந்தையின் மூச்சுப்பாதை அடைபடலாம். அங்கு ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவியும் இல்லை, பயிற்சி பெற்றவரும் இல்லை. மருந்தின் விளைவு பல மணி நேரம் நீடிக்கக்கூடும் என்பதால், வீடு திரும்பும் பயணத்திலும் இதே கவனம் தேவை.