நக அளவுப் படங்களின் வரலாறு

லினக்ஸ் இயங்குதளத்தில் படங்கள் நிறைந்த கோப்புறை ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு மேலே அதன் சிறுவடிவம் தோன்றுகிறது. கட்டைவிரல் நகத்தின் அளவுடையது என்ற பொருளில் இதனைத் தம்ப்நெயில் என்று அழைப்பர். பயனர் பொருட்படுத்தாத இச்சிறுபடம் எங்கே சேமிக்கப்படுகிறது, எந்தப் பெயரில், யாருடைய அனுமதியோடு என்ற கேள்விகளுக்கு விடை காணப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஓய்வு நேரத்தில் தம் தேவைக்காக நிரல் எழுதியோரின் உழைப்பைப் பேசும் வரலாறுகள் பெரும்பாலும் தூரிகைகளையும் வடிகட்டிகளையும் பற்றியே பேசினாலும், அவர்களது கடினமான வேலை படத்தை வரைவதில் அன்று, கோப்பை எங்கு வைப்பது என்பதில் ஒருவரோடொருவர் உடன்படுவதில்தான் இருந்தது.

லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே, யூனிக்ஸ் கணினிகளில் இத்தகைய உடன்பாடு ஒன்று உருவாகியிருந்தது. பத்துப் பட வடிவங்கள் இருக்குமாயின், எந்த வடிவத்திலிருந்தும் எந்த வடிவத்துக்கும் நேரடியாக மாற்றுவதற்குத் தொண்ணூறு மாற்றிகள் வேண்டும். நடுவில் பொது வடிவம் ஒன்றை வைத்துக்கொண்டால் இருபதே போதும். ஜெஃப் போஸ்கன்சர் 1988இல் வெளியிட்ட பிபிஎம்பிளஸ் என்னும் தொகுப்பு இக்கணக்கின்மேல் நின்றது. ஒரு நிரல் பொது வடிவத்தில் வெளியிடும் படத்தை அடுத்த நிரல் வாங்கிச் சிறிதாக்க, அதற்கடுத்தது வேறு வடிவத்தில் எழுதித் தரும். ஒவ்வொரு நிரலும் தன் ஒரு வேலையை மட்டுமே அறியும். ஆயினும் இவை கட்டளை வரியில் இயங்கியவை என்பதால், எந்தக் கோப்பில் எந்தப் படம் உள்ளது என்பதைப் பயனர் பெயரைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருந்தது.

அக்குறையைத் தீர்த்தவற்றுள் மிகவும் பரவியது, ஜான் பிராட்லி எழுதிய எக்ஸ்வி என்னும் படக்காட்டி நிரல். கோப்புறையில் உள்ள படங்களைச் சிறுவடிவில் வரிசையாகக் காட்டும் சாளரம் ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு முறையும் பெரிய படத்தைப் படித்துச் சுருக்குவது அன்றைய கணினிகளுக்குப் பெருஞ்சுமை என்பதால், ஒருமுறை செய்த சிறுபடத்தை அந்தக் கோப்புறைக்குள்ளேயே, பெயரின் முன் புள்ளியிட்டதால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ‘.எக்ஸ்விபிக்ஸ்’ என்ற உட்கோப்புறையில் அது எழுதி வைத்தது. 80க்கு 60 பிக்சலுக்குள் அடங்கிய அச்சிறுபடத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரே பைட். அதன் 8 பிட்டுகளில் சிவப்புக்கு 3, பச்சைக்கு 3, நீலத்துக்கு எஞ்சிய 2. மனிதக் கண் நீலத்தின் நுண்வேறுபாடுகளை அவ்வளவாக உணராது என்பதால் அந்த வண்ணத்துக்குக் குறைத்துக் கொடுத்தது சிக்கனமான முடிவே. கோப்பின் தலைப்பில் மூலப்படத்தின் அளவும் வடிவமும் எழுத்தாகவே பதியப்பட்டன. பின்னர் எழுந்த ஜிம்ப் என்னும் படத்திருத்தி போன்ற நிரல்களும் இதே வழக்கத்தைக் கைக்கொண்டதால், ஒருவர் தம் வசதிக்காகச் செய்த ஏற்பாடு எவரும் கூடிப் பேசாமலே பொது வழக்காயிற்று.

ஜிம்ப் பிறந்த விதம் இவ்வரலாற்றில் வேறொரு முடிச்சை அவிழ்க்கிறது. பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் இப்படத்திருத்தியைத் தொடங்கியபோது, பொத்தான், பட்டியல், சாளரம் ஆகியவற்றை வரைந்து தரும் கருவித்தொகுப்பாக மோட்டிஃப் என்பதையே பயன்படுத்தினர். அது விலைகொடுத்து வாங்க வேண்டியது. ஆகவே ஜிம்பின் மூலநிரல் இலவசமாகக் கிடைத்தும், அதைத் தம் கணினியில் தொகுத்துப் பார்க்க லினக்ஸ் ஆர்வலர் பலருக்கு வழியில்லை. மாட்டிஸ் தாமே எழுதிய மாற்றுத் தொகுப்பு, ஜிம்ப் கருவித்தொகுப்பு என்னும் பொருளில் ஜிடிகே எனப் பெயர் பெற்றது. லினக்ஸின் சின்னமான டக்ஸ் பெங்குவினை லாரி யூயிங் 1996இல் ஜிம்பில் வரைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயினும் அப்பெங்குவினைவிட ஜிடிகேயின் செல்வாக்கே பெரிது. 1996இல் தொடங்கிய கேடிஈ என்னும் மேசைத்தளச் சூழல் திட்டம் க்யூட்டி என்னும் தொகுப்பின்மீது எழ, அத்தொகுப்பின் உரிமம் அன்று முழுக் கட்டற்றதாக இல்லாமையால் 1997இல் தொடங்கிய க்னோம் என்னும் மற்றொரு மேசைத்தளத் திட்டம் ஜிடிகேயைத் தேர்ந்தது. சி மொழியின் நினைவக மேலாண்மையோடு மல்லாட விரும்பாதோர்க்குப் பைத்தான் முதலிய எளிய மொழிகளிலிருந்தும் இத்தொகுப்புகளை அழைக்கும் வழி பிறந்தபின், சில பத்து வரிகளிலேயே ஒரு படக்காட்டியை எழுதிவிட முடிந்தது.

எழுதவும் செய்தனர்; சிக்கலும் அங்கேதான் முற்றியது. ஒரு நிரல் கோப்புறைக்குள்ளும் மற்றொன்று பயனரின் இல்லக் கோப்புறையிலும் எனத் தத்தம் சிறுபடங்களைச் சேமித்ததால், ஒரே புகைப்படத்துக்கு மூன்று நான்கு நகல்கள் சேர்ந்தன. சிடிராமில் உள்ள படங்களுக்கும், எழுதும் அனுமதியில்லாத பிறர் கோப்புறைகளுக்கும் எக்ஸ்வி வகுத்த பழைய முறை பயன்படவேயில்லை.

2000களின் தொடக்கத்தில், க்னோமின் படக்காட்டியில் பணியாற்றிய ஜென்ஸ் ஃபிங்கே உள்ளிட்டோர் வகுத்த பொது விதிமுறை இதற்கு முடிவு கட்டியது. சிறுபடங்கள் யாவும் பயனரின் இல்லக் கோப்புறையில் ஒரே இடத்தில், 128 பிக்சலுக்குள் அடங்குவன ஓர் உட்கோப்புறையிலும் 256 பிக்சலுக்குள் அடங்குவன மற்றொன்றிலுமாக, பிஎன்ஜி வடிவில் இருக்க வேண்டும் என்பது அவ்விதி. வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயருடைய கோப்புகள் இருக்கக்கூடும் என்பதால், மூலப்படத்தின் முழு முகவரியை எம்டி5 என்னும் கணக்கீட்டில் செலுத்திக் கிடைக்கும் 32 குறிகளே சிறுபடத்தின் பெயராயின. சிறுபடத்தினுள் மூலத்தின் முகவரியும் அது கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் பதியப்படும். அந்நேரம் இரண்டிலும் ஒத்திருந்தால் மட்டுமே சிறுபடம் செல்லும். மூலம் சிறுபடத்தைவிடப் புதியதா என்று மட்டும் பார்த்தால் போதாது என்று விதிமுறை தனியே எச்சரிப்பது கவனிக்கத்தக்கது. பழைய தேதியுடைய வேறொரு படத்தை அதே பெயருக்கு நகர்த்தினால் அச்சோதனை ஏமாந்துவிடும் என்பதை, பட்டு அறிந்தவரே எழுதியிருக்கக் கூடும். இரு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதி ஒன்றையொன்று குலைக்காதிருக்க, முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துப் பின்னரே பெயர் மாற்ற வேண்டும். திறக்க இயலாத பழுதுற்ற படங்களுக்குக்கூடத் தோல்விக் குறிப்பு ஒன்று வைக்கப்பட்டது; இல்லையெனில் கோப்புறையைத் திறக்கும்தோறும் நிரல் அதே வீண்முயற்சியில் இறங்கும்.

இவ்வேற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. பெயர் முகவரியிலிருந்து பிறப்பதால், நிரல் தானே கவனித்து மாற்றினாலன்றி, கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தியதும் பழைய சிறுபடம் அநாதையாகிறது. எக்ஸ்வி முறையில் கோப்புறையை நீக்கினால் அதன் சிறுபடங்களும் உடன் போயின. புதிய முறையிலோ மூலப்படம் அழிந்த பின்னும் அதன் சிறு நிழல் இல்லக் கோப்புறையில் தங்கக்கூடும். மூலப்படத்தைப் படிக்க அனுமதியில்லாத பிறர் சிறுபடத்தின் வழியே அதைப் பார்த்துவிடாதிருக்க, அக்கோப்புகளை உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி அனுமதி வரையறுக்கப்பட்டது. ஆயினும் கணினியையே கைப்பற்றும் தடயவியல் ஆய்வாளர்க்கு அத்தடை பொருட்டன்று. அழிக்கப்பட்ட படம் ஒருகாலத்தில் எம்முகவரியில் இருந்தது என்பதை அச்சிறுபடமே சொல்லிவிடுகிறது. சிறுபடங்களின் இருப்பிடம் பின்னர், எப்போது வேண்டுமானாலும் துடைக்கத்தக்க இடைச்சேமிப்புக் கோப்புறைக்கு மாற்றப்பட்டது. திரைகளின் பிக்சல் செறிவு பெருகியபோது 512, 1024 பிக்சல் அளவுகளும் விதிமுறையில் சேர்ந்தன.