பிடில் வந்த கதையும், நான் பிடில் கற்கும் கதையும்



போன வாரம் நான் பிடிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் படத்தை என் பேத்தி போட்டுவிட்டாள். "சார், இது என்ன புது அவதாரம்?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாடமாகவே நடத்திவிடுகிறேன். வழக்கம்போல் வரலாற்றில் தொடங்குவேன். கடைசியில் என் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

வயலினை நம் வீட்டுப் பெரியவர்கள் 'பிடில்' என்றுதான் சொல்வார்கள். கோயில் கச்சேரியில் பார்த்துப் பழகியதால், அது ஆதியிலிருந்தே நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஐரோப்பியர்களோடு வந்த கருவி.

முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் ஒரு காலத்தில் சென்னைக்கு அருகே மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. ஜார்ஜ் கோட்டையின் மேல்நாட்டு வாத்திய இசை அவர்கள் காதில் விழுந்தது. அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்று குழந்தைகள் பாடுவது அவற்றைத்தான். அதில் ஒன்று ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டிலேயே இருக்கிறது! தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஓர் ஐரோப்பியரிடம் பிடிலையே கற்றுக்கொண்டார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார்.

இங்கே ஒரு கேள்வி. கற்றுக்கொடுத்த ஐரோப்பியருக்கு நம் ராகமும் கமகமும் எப்படித் தெரிந்திருக்கும்? வில் போடவும் விரல் வைக்கவும் சொல்லித் தந்திருப்பார். தோடியையும் பைரவியையும் பிடிலுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வீட்டில் கேட்ட பாட்டுதான். அப்பா ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். அண்ணனோ முத்துசுவாமி தீட்சிதர். பாலுசுவாமி பாதியைக் குருவிடமும் மீதியைத் தன் காதிடமும் கற்றார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர்கள் கருவியின் உருவத்தை மாற்றவில்லை. பிடிக்கும் முறையையும் சுருதி கூட்டும் முறையையும் மாற்றினார்கள். மேல்நாட்டார் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ தாடைக்கடியில் வைத்து வாசிப்பார்கள். நாம் தரையில் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது காலில் ஊன்றி, மறுமுனையை இடது தோள்பட்டையோரம் சாய்த்துக்கொள்கிறோம். இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அது தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடலாம். கமகத்துக்கு வேண்டியது அந்த ஓட்டம்தானே!

நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். இதில் ஒரு வசதி உண்டு. ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளையில் ச-ரி-க-ம வாசிக்க ஒரு தந்தியில் எங்கெங்கே விரல் வைக்கிறோமோ, அடுத்த தந்தியில் அதே இடங்களில் வைத்தால் ப-த-நி-ச வந்துவிடும். கணக்கு வாத்தியாரான எனக்கு இது தெரிந்த அன்று தூக்கமே வரவில்லை.

தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். அவர் பிடில் வாசிப்பில் மகிழ்ந்து 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். பாலுசுவாமி கற்ற அதே தலைமுறையிலேயே பிடில் அரண்மனை வரை போய்விட்டது.

மைக் இல்லாத நாளில் பின்வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டுமென்று மைசூர் சௌடையா நான்கு தந்தியை ஏழாக்கினார். லால்குடி ஜெயராமன் (1930–2013) அப்பா கோபால ஐயரிடமே கற்று, 12 வயதில் மேடையேறினார். அவர் வாசித்தால் சாகித்யத்தின் சொற்களே காதில் விழும் என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் (1893–1964) கதை. சின்ன வயதிலேயே பார்வை குறைவு. கரும்பலகை தெரியாமல் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் பிடில் கற்றுக்கொடுத்தார். விஜயநகரம் இசைக் கல்லூரியில் மாணவராகச் சேரப் போனவரின் வாசிப்பைக் கேட்டு, 1919-இல் ஆசிரியராகவே நியமித்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1941-இல் சங்கீத கலாநிதி ஆனார். பார்வையே இல்லாத எம். சந்திரசேகரனுக்கு அவருடைய தாயார் சாருபாலாதான் குரு. அவரும் சங்கீத கலாநிதி. ஏ. கன்யாகுமரி, தான் பக்கவாத்தியம் வாசித்த எம். எல். வசந்தகுமாரியையே குருவாகக் கொண்டவர். 2016-இல் அந்த விருது பெற்றார்.

பக்கவாத்தியம் என்றால் சும்மா இல்லை. பாடகர் அடுத்து எந்தப் பிடியைப் பாடுவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் குரலைக் கேட்டுக்கொண்டே நிழல் போலத் தொடர வேண்டும். அவர் நிறுத்தியதும் பதில் சொல்ல வேண்டும். வீணைக்கு 24 மெட்டு உண்டு. பிடிலில் அந்த அடையாளமும் கிடையாது. ஒரு நூல் தள்ளினாலும் அபஸ்வரம்தான். பிடில்காரருக்கு முதலில் வளர வேண்டியது காது. விரல் அதற்குப் பிறகுதான்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பு. கணக்குப் பாடம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மர ஸ்கேலை மடியில் சாய்த்து வைத்து, அதன்மேல் விரல்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான். சினிமாப் பாட்டுக்குத் தாளம் போடுகிறான் என்று எனக்குக் கோபம். அந்த ஸ்கேலைப் பிடுங்கினேன். "எழுதுற கை வேண்டாம், இடது கையை நீட்டு" என்று சொல்லி இரண்டு அடி போட்டேன். வலது கையை விட்டுவைத்ததைப் பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டேன். அவன் அப்போது பிடில் கற்றுக்கொண்டிருந்தான் என்பதும், விரல் பழகிக்கொண்டிருந்தான் என்பதும் பின்னால் அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். பிடிலுக்கு இடது கை விரல்தான் எல்லாம் என்பதோ, போன வருடம் நானே பிடிலைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

இன்று எனக்குப் பாடம் சொல்லித் தருவது அந்தப் பையன்தான். பக்கத்து ஊரில் இருபது முப்பது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போகிறேன். மற்ற நேரத்தில் 'தம்பி'. பாடத்தின்போது மட்டும் 'வாங்க, போங்க'. என் சரளி வரிசை தொடங்கியதும் வீட்டில் அம்மையாருக்கு ரேஷன் கடையில் அவசர வேலை வந்துவிடுகிறது. அது வேறு விஷயம்.

மூன்று மாதத்துக்கு முன் என் மோதிர விரல் சொன்ன இடத்தில் நிற்கவே இல்லை. அவர் ஒரு மர ஸ்கேலை எடுத்து, பென்சிலால் மூன்று கோடு போட்டுக் கொடுத்தார். "பஸ்ஸில் போகும்போது இதுல விரல் வெச்சுப் பழகுங்க சார்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "தம்பி, ஏழாம் வகுப்புல ஒரு நாள்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அன்னைக்கே மறந்துடுச்சு சார். விரல் படுக்குது பாருங்க, நிமிர்த்தி வைங்க" என்றார்.

அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கக் கூடாது. அதனால்தான் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் எழுதவும் பாடக்குறிப்பு தயாரிக்கவும் கற்றேன். அந்தக் கடைசி பெஞ்ச் விரல்கள் என்ன செய்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் பலர். கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள். என்னிடம் அப்படி அடி வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

சனிக்கிழமை ஜண்டை வரிசை தொடங்குகிறது. வாழ்த்துங்கள்.