கணக்கு ஒப்புவித்தல்: நற்செய்தி உவமைகளில் பொருளும் பொறுப்பும்

முன்னுரை

நற்செய்தி நூல்களில் இடம்பெறும் உவமைகள் பல, கூலி, கடன், குத்தகை, முதல், வட்டி ஆகியவற்றைக் கதைப்பொருளாகக் கொண்டவை. அவற்றுள் மத்தேயு 25ஆம் இயலின் தாலந்து உவமை, லூக்கா 16ஆம் இயலின் முறைகேடான பொறுப்பாளன் உவமை, லூக்கா 19ஆம் இயலின் மினா உவமை ஆகிய மூன்றும் ஒரே கதைக்கட்டுடையன. உடைமையாளன் ஒருவன் தன் பொருளைப் பிறனிடம் ஒப்படைக்கிறான். பின்னர் அதற்குக் கணக்குக் கேட்கிறான். இவ்வுவமைகள் காலப்போக்கில் திறமையைப் பேணுதல் பற்றிய அறவுரைகளாகவே பெரிதும் கொள்ளப்பட்டன. அவை எழுந்த காலத்துப் பொருளியல் வாழ்வோடு பொருத்தி நோக்குமிடத்து, கைவசமுள்ள பிறர் பணத்திற்குத் தனிமனிதன் விடையிறுக்க வேண்டிய கடமையே அவற்றின் உயிர்நிலை என்பது புலனாகும். அதனை விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

உடைமையாளனும் பொறுப்பாளனும்

லூக்கா 16இல் வரும் பொறுப்பாளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘ஒய்கொனொமொஸ்’ என்பதாகும். வீட்டையும் அதன் உடைமைகளையும் நிருவகிப்பவன் என்பது இதன் பொருள். உடைமையாளர் தொலைவிலிருக்க, நிலத்தையும் வரவுசெலவையும் முகவர் கவனிக்கும் வழக்கம் பாலஸ்தீனத்திற்குப் புதிதன்று. எகிப்து மன்னன் இரண்டாம் தாலமியின் நிதியமைச்சர் அப்பொல்லோனியுஸ் என்பவரின் முகவரான செனோன், கி.மு. 259-258இல் பாலஸ்தீனப் பகுதியில் பயணம் செய்தார். அவர்தம் பாப்பிரசு ஆவணங்கள், அமைச்சருக்குரிய திராட்சைத் தோட்டம் ஒன்று பெத்தானாத்து என்னும் ஊரில் இருந்ததைக் காட்டுகின்றன. ஆவணங்களில் காணும் கடிதங்களும் கணக்குகளும் உவமைகள் காட்டும் உலகிற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முந்தைய சான்றுகளாகும். எனவே, கேட்போர் அன்றாடம் அறிந்த உறவொன்றையே இயேசு உவமையாக்கினார் எனலாம்.

புதைக்கப்பட்ட பணம்

தாலந்து என்பது நிறையளவு. பணத்தில் அது 6,000 தெனாரியத்திற்கு ஈடானது. மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளியின் ஒருநாட் கூலி ஒரு தெனாரியம். ஆண்டுக்கு 300 வேலைநாள் எனக் கொண்டால் ஒரு தாலந்து இருபதாண்டு உழைப்பிற்கு நிகராகும். ஆகவே மூன்றாம் பணியாளன் பெற்றது சிறுதொகையன்று. மினாவோ தாலந்தில் அறுபதில் ஒரு கூறு. நூறுநாட் கூலி அளவினது.

பணத்தை மண்ணில் புதைத்தல் அக்காலச் சூழலில் மடமையாகக் கருதப்படவில்லை. பணத்திற்கு நிலத்தினும் சிறந்த காப்பில்லை என்னும் கருத்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டு யூத அறிஞர் சாமுவேலின் கூற்றாகப் பாபிலோனியத் தல்மூதில் பதிவாகியுள்ளது. அப்பணியாளன் திருடவில்லை, வீணாக்கவுமில்லை, பெற்றதைக் குறைவின்றித் திருப்பித் தந்தான். எனினும் கடிந்துகொள்ளப்பட்டான். லூக்கா 16இன் பொறுப்பாளனோ பொருளைச் சிதறடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவன். ஊதாரி மைந்தனைப் பற்றி முந்தைய இயலில் வரும் அதே கிரேக்க வினைச்சொல்லே இங்கும் ஆளப்படுவது நோக்கத்தக்கது. சிதறடித்தவனும் பூட்டிவைத்தவனும் ஒருசேரக் கணக்கின்முன் நிறுத்தப்படுகின்றனர். கையாடாமை மட்டும் பொறுப்பாகாது; எந்நோக்கத்திற்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறியதா என்பதே வினா.

கடன்சீட்டு

பதவி பறிபோகும் நிலையில் பொறுப்பாளன் கடன்பட்டோரை அழைத்து, நூறு அளவு எண்ணெயை ஐம்பதாகவும், நூறு அளவு கோதுமையை எண்பதாகவும் அவர்தம் கைப்படவே திருத்தி எழுதச் செய்கிறான். தலைவன் அவனைப் பாராட்டியது உரையாசிரியர்களை நெடுங்காலம் இடர்ப்படுத்தியுள்ளது. இந்துச் சட்ட வரலாற்றிலும் புலமை பெற்ற ஜே. டி. எம். டெரட், தோரா விலக்கிய வட்டி சீட்டுத்தொகையில் மறைந்திருந்தது என்றும், அதனையே பொறுப்பாளன் நீக்கினான் என்றும் 1961இல் விளக்கினார். ஜோசப் ஃபிட்ஸ்மையர் 1964இல், அவன் தனக்குரிய தரகையே விட்டுக்கொடுத்தான் என்றார். இருவர் கருத்தும் கடன்சீட்டு எழுதப்பட்ட முறையையே அடிப்படையாகக் கொள்வது குறிப்பிடத்தக்கது.

அச்சீட்டுகளின் சுமையை வரலாறும் உறுதிப்படுத்துகிறது. கி.பி. 66இல் உரோமருக்கு எதிரான எழுச்சியின் தொடக்கத்தில், எருசலேமின் ஆவணக் காப்பகத்தைக் கிளர்ச்சியாளர் எரித்தனர். கடன்பட்ட ஏழைகளைத் தம்பக்கம் ஈர்க்கவே அவ்வாறு செய்தனர் என்கிறார் ஜொசீஃபஸ்.

பொருள்மாற்றமும் தமிழ்ச் சொற்களும்

மூன்றாம் பணியாளன் பெற்ற தண்டனை தொடக்கத்திலேயே தயக்கத்தைத் தோற்றுவித்தது. எபிரேய எழுத்தில் அமைந்த நற்செய்தி ஒன்றில், தண்டனை ஊதாரிப் பணியாளனுக்கே உரியது. புதைத்தவன் கண்டிக்கப்பட மட்டுமே செய்தான் என யூசேபியஸ் குறிப்பிடுகிறார். விதையாத இடத்தில் அறுப்பவனுக்குத் துணைபோக மறுத்த நேர்மையாளன் அவன் என ரிச்சர்ட் ரோர்பா (1993), வில்லியம் ஹெர்சாக் (1994) ஆகியோர் வாசித்தனர். இவ்வெதிர்வாசிப்பும் வழக்கைப் பணத்தின்மீதே வைக்கிறது. நான்காம் நூற்றாண்டினரான யோவான் கிறிசோஸ்தோம் தாலந்தை ஒவ்வொருவரின் ஆற்றலாக விரித்தபோதும், செல்வத்தையும் அதனுள் அடக்கினார். பிற்கால வழக்கே செல்வத்தை நீக்கித் திறமையை மட்டும் நிறுத்தியது. ஆங்கிலத்தில் அச்சொல் திறமையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியதிலிருந்து தொடரும் தமிழ் மொழிபெயர்ப்பு மரபிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். சீர்திருத்தச் சபையினரிடை வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, மினாவை ‘இராத்தல்’ எனச் சந்தையறிந்த நிறையளவாக்கியது. தாலந்தை ஒலிபெயர்த்தே வைத்தது. சந்தையில் பொருளற்ற ‘தாலந்து’ இன்று சபைத்தமிழில் திறமையைக் குறிக்கிறது. ‘இராத்தல்’ அவ்வாறு மாறவில்லை. பொறுப்பாளனை அம்மொழிபெயர்ப்பு ‘உக்கிராணக்காரன்’ என்கிறது. பண்டக அறையின் காவலன் என்னும் இச்சொல், கடன் கொடுக்கவும் சீட்டைத் திருத்தவும் அதிகாரமுடைய முகவனைச் சுருக்கிக் காட்டுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் ‘வீட்டுப் பொறுப்பாளர்’ என்னும் தொடர் மூலச்சொல்லுக்கு அணுக்கமானது.

நிறைவுரை

உவமைகளின் உலகில் பொருள் எவருக்கும் முற்றுடைமையன்று. லூக்கா 12இல் களஞ்சியம் பெருக்கிய செல்வனின் உயிரைக் கேட்குமிடத்தும், கொடுத்த கடனைத் திரும்பக் கேட்கும் வினையே கிரேக்கத்தில் அமைந்துள்ளது. தாலந்தைத் திறமையெனக் கொள்வது பிழையன்று. ஆனால் திறமைக்கு வரவுசெலவு ஏடு இல்லை, பணத்திற்கு உண்டு. பணத்தை நீக்கிப் படிக்கும்போது கணக்குக் கேட்கும் உரிமையும் உடன் மறைகிறது. அவ்வுரிமையை மீட்டுத் தருவதே இவ்வுவமைகளின் வரலாற்று வாசிப்பின் பயனாகும்.