மருத்துவக் காப்பீடு: பாலிசி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மருத்துவக் காப்பீடு என்பது ஆண்டுதோறும் பிரீமியம் செலுத்துபவரின் மருத்துவமனைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம். இந்தியாவில் 1986-இல் பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் ‘மெடிகிளைம்’ என்ற பெயரில் இதைப் பரவலாக்கின. இத்துறையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் (ஐஆர்டிஏஐ). ஒரே காப்புத் தொகை கொண்ட இரண்டு பாலிசிகள் ஒரே சிகிச்சைக்கு வெவ்வேறு தொகையைத் தரக்கூடும். அந்த வேறுபாடு நிபந்தனைகளில் இருப்பதால், பிரீமியத்தை ஒப்பிடுமுன் அவற்றைப் படித்தாக வேண்டும்.

காப்புத் தொகையும் பாலிசி வகையும்

தனிநபர் பாலிசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காப்புத் தொகை உண்டு. குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியில் ஒரே தொகையைக் குடும்பத்தினர் அனைவரும் பகிர்ந்துகொள்வர். ஃப்ளோட்டருக்கான பிரீமியம் பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவருடைய வயதைப் பொறுத்து அமைகிறது. அதனால் வயதான பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். வேலை செய்யும் நிறுவனம் தரும் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதை மட்டும் நம்பியிருப்பவர், வயது கூடி நோய்களும் சேர்ந்த பிறகு புது பாலிசி தேடும் நிலைக்கு ஆளாகலாம்.

காப்புத் தொகையைக் குறைந்த செலவில் உயர்த்த டாப்-அப், சூப்பர் டாப்-அப் பாலிசிகள் உள்ளன. ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவை ஏற்கும் டாப்-அப் ஒன்றை ஒருவர் வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஒரே ஆண்டில் அவருக்கு முதல் முறை நான்கு லட்சமும் அடுத்த முறை மூன்று லட்சமும் செலவானால், எந்த ஒரு பில்லும் ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் அந்த டாப்-அப் எதையும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவான ஏழு லட்சத்தைக் கணக்கில் கொண்டு இரண்டு லட்சம் தரும்.

காத்திருப்புக் காலம்

பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களில், விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று அறுவை போன்ற சிலவற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்று பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என ஐஆர்டிஏஐயின் 2024 விதிகள் கூறுகின்றன. முன்பு இந்த வரம்பு 48 மாதங்களாக இருந்தது. பின்னாளில் காப்புத் தொகையைக் கூட்டினால், கூடுதல் தொகைக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

உடல்நிலையை மறைக்காமை

விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் நோய், அறுவை சிகிச்சை, புகைபிடிக்கும் பழக்கம் ஆகியவற்றை மறைத்தால், பின்னர் கிளைம் நிராகரிக்கப்படவும் பாலிசியே ரத்தாகவும் வாய்ப்புண்டு. படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்திடுபவரே அதற்குப் பொறுப்பு. எனவே ஒவ்வொரு பதிலையும் தாமே படித்துச் சரிபார்ப்பது அவசியம். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்த பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவலை மறைத்ததாகக் கூறி நிறுவனம் கிளைமை மறுக்க முடியாது.

அறை வாடகை வரம்பு

பாலிசிதாரர்கள் பெரிதும் கவனிக்கத் தவறும் நிபந்தனை அறை வாடகை வரம்பு. நாளொன்றுக்கு ரூ.5,000 வரம்புள்ள பாலிசி வைத்திருப்பவர், ரூ.8,000 அறையில் நான்கு நாட்கள் தங்குகிறார் எனக் கொள்வோம். அறை வாடகையில் ரூ.12,000 அவர் கைப்பொறுப்பு. பாலிசியில் விகிதாசாரக் கழிவு விதி இருந்தால், பிரச்சினை அதோடு முடியாது. அறைக்கேற்பக் கூடும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் 8,000-க்கு 5,000 என்ற விகிதத்தில் குறைக்கப்படும். அவை ரூ.1,60,000 ஆனால் ரூ.1,00,000 மட்டுமே கிடைக்கும். ஆக, அவர் செலுத்த வேண்டியது ரூ.72,000. மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு இக்கழிவு பொருந்தாது. அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசிகளும் விற்பனையில் உள்ளன.

கோ-பே, உள்வரம்பு, விலக்கு

கோ-பே என்பது ஏற்கப்பட்ட கிளைம் தொகையில் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய பங்கு. முதியோர் பாலிசிகளில் இது 20 சதவீதம் வரையிலும் அதற்கு மேலும் இருக்கலாம். குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டும் உச்சத் தொகை வைப்பது உள்வரம்பு. 2020 ஏப்ரலில் அறிமுகமான ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பொதுப் பாலிசியில் 5 சதவீதக் கோ-பே உண்டு. அழகுக்காகச் செய்யும் அறுவை போன்ற விலக்குகளின் பட்டியலையும், மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் செலவு ஏற்கப்படும் என்பதையும், ஒரு நாளுக்குள் முடியும் டே-கேர் சிகிச்சைகள் அடங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். இவற்றின் சுருக்கம், பாலிசியுடன் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இருக்கும்.

மருத்துவமனையும் கேஷ்லெஸ் வசதியும்

வீட்டுக்கு அருகில் குடும்பம் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை நிறுவனத்தின் நெட்வொர்க்கில் உள்ளதா என்பதை அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டு உறுதி செய்யலாம். ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் (மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் செலுத்தும்) கோரிக்கைக்கு முடிவை ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் தர வேண்டும். இறுதி ஒப்புதல் தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் வசூலித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

பிரீமியமும் புதுப்பித்தலும்

தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. ஆயினும் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும் என்பதால், இன்றைய தொகையோடு 60, 70 வயதுக்கான கட்டண அட்டவணையையும் பார்ப்பது நல்லது. ஆண்டுப் பிரீமியத்தை உரிய நாளில் கட்டத் தவறினால் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தவறவிட்டால், அதுவரை கழித்த காத்திருப்புக் காலத்தின் பலன் போய்விடும். அதிருப்தி இருந்தால், அந்தப் பலனை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு பாலிசியை மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய பின் உள்ள உரிமைகள்

பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் ஒத்துவராவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்து, உரிய கழிவுகள் போக மீதிப் பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம். கிளைமில் தகராறு எழுந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ரூ.50 லட்சம் வரையிலான தகராறுகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் இந்த அமைப்பின் அலுவலகம் ஒன்று சென்னையில் இயங்குகிறது.